மதகு உண்டு, விவரம் பின்னர்

நிரைநாடு என்றொரு நாடு. வரைபடத்தில் தேட வேண்டாம், அகப்படாது.

அங்கே சட்டங்கள் ஏடுகளாக எழுதப்பட்டு அரண்மனைத் தொகுப்பாளரிடம் போகும். அவர் ஒவ்வொன்றாக வாசித்து, "பிழையில்லை" என்று சொன்னால்தான் அரசாங்கம் அசையும். மனிதர் மகா கறார். அதுவரை வாசித்த ஏடுகளில் விளக்கப்படாத ஒரு சொல் வந்துவிட்டால் போதும், "தெரியாத பெயர், பிழை" என்று மூடிவைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். விளக்கம் அடுத்த ஏட்டிலேயே இருக்கிறது என்று கெஞ்சினாலும் புரட்ட மாட்டார். அதனால், மதகு என்றால் என்னவென்று சொல்லும் ஏடு முன்னால், அதைத் திறக்கச் சொல்லும் ஏடு பின்னால் என்று தேவை பார்த்து அடுக்குவது வழக்கம். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

மகிழ்மாறன் முடிசூடியதும் தலைமை அமைச்சர் வாகைமுத்து பொருமினார்.

"மாமன்னரின் ஏட்டுக்கு மேலே ஒரு மதகு மேஸ்திரியின் ஏடு உட்கார்ந்திருக்கிறது. இது அடுக்குமா?"

அடுக்கவில்லை. இனி பதவி வரிசைப்படியே ஏடுகள் என்று ஆணை பிறந்தது. மன்னரின் ஏடு முதலில் போனது: "மதகுகள் அனைத்தும் திறக்கப்படும்." தொகுப்பாளர், "மதகா? தெரியாத பெயர், பிழை" என்று எழுந்துவிட்டார். மதகுகள் மூடியே கிடந்தன.

கடைமடையிலிருந்து அஞ்சம்மாள் என்ற விவசாயி ஓடிவந்தாள். "ஐயா, பயிரு பொதிகட்டி, கதிரு வெளிய வர்ற நேரத்துல நிக்குது. ஒரே ஒரு தண்ணி விட்டா பொழச்சுக்கும். இல்லேன்னா இந்த வருசம் புள்ளைங்களுக்குக் கஞ்சி கெடையாது."

"ஆவன செய்கிறோம்" என்றார் வாகைமுத்து.

மேஸ்திரியின் ஏடு கிழிக்கப்பட்டு, அமைச்சர் ஏடு என்றால் மன்னர் ஏட்டுக்கு முன்னால் போனாலும் கௌரவம் குறையாது என்று, விளக்கும் பொறுப்பு பெரிய இடங்களுக்குப் போனது. நீர்வள அமைச்சர், "மதகு என்பது மதகுக் காவலர் திறப்பது" என்று எழுதினார். காவல் அமைச்சர், "மதகுக் காவலர் என்பவர் மதகைத் திறப்பவர்" என்று எழுதினார். யார் முன்னால் போனாலும் பிழை. வாழ்நாளில் முதல்முறையாக இரண்டு அமைச்சர்கள் பின்வரிசைக்கு அடித்துக்கொண்டார்கள்.

கடைசியில் வாகைமுத்துவே ஒரு சந்து கண்டுபிடித்தார். தொகுப்பாளருக்குப் பெயர் தெரிந்தால் போதும், பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலையல்ல. எல்லா ஏடுகளுக்கும் மேலே ஒரு வரி எழுதப்பட்டது: "மதகு உண்டு, விவரம் பின்னர்." தொகுப்பாளர் படித்தார், தலையசைத்தார். பிழையில்லை! ஊரெங்கும் வெடி வெடித்தார்கள். "பள்ளிக்கூடம் உண்டு, விவரம் பின்னர்", "மருத்துவர் உண்டு, விவரம் பின்னர்" என்று ஏடுகள் பறந்தன. இத்தனை வேகமான ஆட்சியை யாரும் கண்டதில்லை.

அஞ்சம்மாள் வாய்க்காலில் இறங்கி நின்றாள். "தொறந்தாச்சுன்னு தமுக்கடிச்சாங்க. தண்ணியக் காணமே?"

"தண்ணீர் உண்டு அம்மா" என்றார் கரையில் குடைபிடித்து நின்ற அதிகாரி. "வருவதுதான் பின்னர்."

பயிர் கருகியது. மாட்டுக்குப் போடக்கூட வைக்கோல் தேறவில்லை. 

அமைச்சர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் வந்தது. அஞ்சம்மாள் பொழுது விடியுமுன்பே சாவடி வாசலில் போய் நின்றாள். இவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்ற வைராக்கியம். சாவடி அதிகாரி கதவைத் திறக்காமல் சன்னல் வழியாகவே பேசினார்.

"வெற்றியை நேற்றே அறிவித்துவிட்டோம் அம்மா. வாக்குப்பதிவு பின்னர்."

"நாங்க ஓட்டே போடலியே? அப்ப நாங்க எதுக்கு இருக்கோம்?"

அதிகாரி ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். குரல் கனிவாகத்தான் இருந்தது.

"'குடிமக்கள் உண்டு' என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறோம். அதற்கு மேல் விவரம் தேவைப்படவில்லை அம்மா."