இஸ்திரிப்பெட்டியும் ஏழாவது தீவும்

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கே நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் கொடுத்த லேப்டாப்பும் சுகம். அதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முந்தாநாள் போனில் நீங்கள், "அந்த லினக்ஸை அழிச்சுட்டு எல்லாரும் வச்சிருக்கிறதையே போட்டுத் தர்றேன். ஞாயித்துக்கிழமை டிஸ்க்கோட வர்றேன், சரியா?" என்று கேட்டீர்கள். நான் "ம்" என்றேன். மாமா, அந்த "ம்" சம்மதம் இல்லை. போனில் யார் என்ன கேட்டாலும் எனக்கு அது ஒன்றுதான் வருகிறது. போன வாரம் யாரோ ராங் நம்பரில் கூப்பிட்டு, "சிமெண்டு மூட்டையை இறக்கிடலாமா?" என்று கேட்டார், அவரிடமும் "ம்" என்றுதான் சொன்னேன். நல்லவேளை, அவரிடம் நம் விலாசம் இல்லை. நீங்கள் விலாசம் தெரிந்தவர், சொன்னால் வந்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நம் இஸ்திரிக் கடைக்குப் பக்கத்தில் முடிதிருத்துகிற அண்ணன் இன்று உங்கள் ஆபீஸ் பக்கம் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கேம் பாதியில் மூடிக்கொள்கிறது என்று போன மாதம் உங்களிடம் குறை சொன்னவளே நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. அந்த கேமில் ஒரு சின்னப் படகில் தபால் பையை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போய்க் கொடுக்க வேண்டும். யாரையும் சுட வேண்டாம். யாரோடும் பேச வேண்டாம். பையைக் கரையில் வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம். எனக்கென்றே செய்தது போல இருக்கும். ஆனால் செய்த கம்பெனி, என் லேப்டாப்பை இயக்குகிற லினக்ஸை மனதில் வைத்துச் செய்யவில்லை. அதனால் நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி ஒரு புரோகிராம் வேண்டும். கேம் தன் பாஷையில் "அலையைக் காட்டு" என்று கேட்டால், அது லினக்ஸிடம் அதன் பாஷையில் சொல்லி வாங்கித் தரும். அதை எழுதுகிறவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். தங்கள் வேலை போக மிச்ச நேரத்தில் எழுதி எல்லோருக்கும் சும்மா கொடுக்கிறார்கள், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்றும் திறந்து வைத்துவிடுகிறார்கள், தெரிந்தவர்கள் யார் வேண்டுமானாலும் பார்த்துத் திருத்தலாம். "சும்மா கிடைக்கிறது அப்படித்தான் இருக்கும்" என்றீர்கள். அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆறு தீவு வரை சிக்கல் இல்லை. ஏழாவது தீவு ரொம்பத் தூரம். தீவில் இறங்கினால்தான் கேம் நம் கணக்கைச் சேமிக்கும், நடுக்கடலில் சேமிக்காது. நான் நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கும்போது கேம் சட்டென்று காணாமல் போய்விடும். திரும்ப ஆறாவது தீவு. திரும்பப் பை. திரும்பக் கடல். லினக்ஸில் கேம் விளையாடுகிறவர்கள் தமிழில் எழுதுகிற குழு ஒன்று இருக்கிறது. அங்கே கேட்கலாம் என்று எழுதினேன், அழித்தேன், எழுதினேன், அழித்தேன். ஒருநாள் "கேம் மூடிக்கொள்கிறது" என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மா பக்கத்து விடுதிக்காகத் தேய்த்த போர்வைக் கட்டை மேஜைமேல் பொத்தென்று வைத்தாள். என் விரல் அனுப்புகிற பட்டனில் பட்டது. போய்விட்டது. நான் பயந்துபோய் லேப்டாப்பை மூடி அந்தப் போர்வைக் கட்டுக்குள்ளேயே செருகிவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். திரும்பி வந்தால் கட்டைக் காணோம். அப்பா அதை விடுதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். நான் ஓடினேன். விடுதி மேனேஜர் "என்னம்மா வேணும்?" என்று கேட்க, நான் "ம்" என்றேன். அவர் திரும்பத் திரும்பக் கேட்க, நான் திரும்பத் திரும்ப "ம்" என்றேன். கடைசியில் அறையில் தங்கியிருந்த ஒருவர் போர்வையை உதறும்போது லேப்டாப் மெத்தையில் விழுந்ததால் பிழைத்தது.

வீட்டுக்கு வந்து திறந்தால் இரண்டு பதில்கள் வந்திருந்தன. குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. "அரைத்தூக்கம்" என்ற பெயர்க்காரர், "ஆஸ்பத்திரிக்குப் போய் வலிக்குதுன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடுவியா? மூடுறதுக்கு முன்னாடி என்னென்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம எழுது" என்று அதட்டியிருந்தார். "ஓட்டைவாளி" என்பவர் மருந்துக்கடை வைத்திருப்பவர், அந்த மொழிபெயர்ப்பாளர் புரோகிராமில் கொஞ்சம் எழுதுகிறவர். அவர், "பயப்படாத. அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தான். அவர் வீட்டுக்காரம்மா மேல இருக்கிற கோவத்தை எங்ககிட்ட காட்டுவார்" என்று எழுதியிருந்தார்.

ஒன்று விடாமல் என்றார்களே என்று நானும் ஒன்று விடாமல் எழுதினேன். ஆறாவது தீவில் பையை வைத்தேன். அப்பா பேண்ட்டில் தண்ணீர் தெளித்தார். அம்மா இருமினாள். படகை இடது பக்கம் திருப்பினேன். பூனை ஜன்னலில் ஏறியது, இறங்கியது. காற்று கூடியதால் படகின் பாயைச் சுருக்கினேன். அப்பா இஸ்திரிப்பெட்டி சுவிட்சைப் போட்டார். கேம் மூடிவிட்டது. அப்பா "ச்சே, பட்டன் போச்சு" என்றார். அவருக்குச் சட்டைப் பட்டன், எனக்குக் கேம்.

"இது என்ன, குடும்பக் கதையா?" என்று அரைத்தூக்கம் கேட்டார். நான் மூடப் போனேன். ஓட்டைவாளி குறுக்கே வந்து, "இருங்கய்யா. அந்த இஸ்திரிப்பெட்டி வரியை இன்னொரு தடவை படிங்க" என்றார். பிறகு அரைத்தூக்கம், "பெட்டி போடும்போது சார்ஜர் விளக்கு எரியுதான்னு பாரு" என்றார்.

பார்த்தேன் மாமா. அணைந்துவிடுகிறது. நம் வீட்டு ஒயரிங்தான் உங்களுக்குத் தெரியுமே. அப்பாவின் பெட்டி தானாக அணைகிற புதுப்பெட்டியும் இல்லை, அவர்தான் சூட்டைப் பார்த்துப் போட்டுப் போட்டு அணைப்பார். பெட்டி மின்சாரத்தை இழுத்தவுடன் சார்ஜருக்குப் போதவில்லை. லேப்டாப் பேட்டரிக்கு மாறி, படம் வரைகிற வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நடுவிலிருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கு யாரும் இதைச் சொல்லவில்லை, அது பதறிப்போய்க் கடையைச் சாத்திவிடுகிறது. அதை உறுதி செய்ய, அவர்கள் கேட்கும்போதெல்லாம் பெட்டியைப் போட்டு அணைக்க வேண்டியதாயிற்று. அப்பா முன்னறையில், நான் உள்ளறையில். நான் இருந்த இடத்திலிருந்து கத்தினால்தான் அவருக்குக் கேட்கும். எனக்கு வேறு வழியில்லை. "அப்பா, போடு!" என்று கத்தினேன். அம்மா கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டாள். "ஏங்க, இவளுக்கு இவ்வளவு சத்தம் வருமா?" என்று அப்பாவைக் கேட்டாள். "போடுன்னா போடறேன். நீ கேள்வி கேக்காத" என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்து முடிதிருத்துகிற அண்ணன் சட்டைக்காகப் பனியனோடு காத்திருந்தார். அவர் போட்டோ எடுத்துக்கொள்ள ஸ்டுடியோவுக்குப் போக வேண்டும். "என்ன நடக்குது இங்க?" என்று விசாரித்து, விவரம் தெரிந்ததும் போகிற எண்ணத்தையே விட்டுவிட்டு வாசற்படியில் நின்று நான் கத்துவதை அப்பாவுக்கு இன்னொரு தடவை கத்தினார். "போடச் சொல்றா! போட்டாச்சு! போச்சா? போச்சாம்!" இந்தக் கூத்தில் பெட்டி அவர் சட்டைமேலேயே நின்றுவிட்டது. அப்பா தூக்கிப் பார்த்தால் முதுகில் படகு வடிவத்தில் கருகல். அப்பா முகம் செத்துவிட்டது. அண்ணன் சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "முதுகுதானே. போட்டோல முதுகு தெரியாது" என்று சொல்லிப் போட்டுக்கொண்டு போனார்.

ஓட்டைவாளி மருந்து கொடுப்பதற்கு நடுநடுவே திருத்தி எழுதினார். அரைத்தூக்கம் அதில் தப்புக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு தடவையும் என்னிடம்தான் அனுப்பினார்கள். "மடிப்பு, ஓட்டிப் பாத்துச் சொல்லு. உங்க வீட்டு இஸ்திரிப்பெட்டி எங்ககிட்ட இல்ல" என்றார் அரைத்தூக்கம். குழுவில் என் பெயர் மடிப்பு. இன்று காலை அந்தப் புரோகிராமின் புதுப் பதிப்பு வந்துவிட்டது, பெட்டியைப் போட்டுப் பார்த்தேன், கேம் மூடவில்லை. கூடவே திருத்தங்களைப் பற்றிய குறிப்பில், "சோதித்தவர்: மடிப்பு" என்று போட்டிருக்கிறார்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பள்ளிக்கூடத்து அட்டெண்டன்ஸுக்குப் பிறகு என் பெயர் எதிலும் ஏறவில்லை மாமா. அதிலும் பெயர் கூப்பிடும்போது எனக்குக் குரல் வராது, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே எத்தனையோ நாள் ஆப்சென்ட் ஆகியிருக்கிறேன். ஒன்பதாவதோடு நின்றதற்கு அம்மாவின் முதுகுவலியைக் காரணமாகச் சொல்கிறோம். அது பாதிதான்.

இப்போது இன்னொருவர் தன் கேமையும் என் லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். பழைய லேப்டாப், மோசமான கரண்ட், பக்கத்தில் இஸ்திரிப்பெட்டி, இந்த மூன்றும் ஒரே இடத்தில் வேறு யாரிடமும் இல்லையாம். நீங்கள் டிஸ்க்கைப் போட்டு எல்லோரும் வைத்திருப்பதையே வைத்துவிட்டால் கேம் நன்றாகத்தான் ஓடும். ஆனால் என்னிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நீங்கள் நல்லதுக்குத்தான் சொன்னீர்கள். அதனால்தான் இத்தனை நீளமாக எழுத வேண்டியதாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். திருத்தம் வந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது, இனி ஒரு குறையும் இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வேலை மெனக்கெட்டு வர வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கம். அத்தையின் கால்வீக்கம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு, உங்கள் ஆசி வேண்டும்,
அக்கா மகள்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக் கொடுக்கும் முன் ஏழாவது தீவைப் பார்த்துவிடலாம் என்று கேமைத் திறந்தேன். இப்போது பெட்டியைப் போட்டால் கேம் மூடுவதில்லை, அணைத்தால் மூடுகிறது. ஒரு தடவை மூடியதும் ஓட்டைவாளியிடம் சொன்னேன். "அட ஆமா, அந்தப் பக்கம் பாக்கவே இல்ல. திருத்தறேன். அதுவரைக்கும் பெட்டியை அணைக்காம தீவைப் பிடிச்சுடு" என்றார். நான் மறுபடி நடுக்கடலில் இருக்கிறேன். அப்பா பெட்டியை அணைக்காமல் ஓயாமல் தேய்த்துக்கொண்டிருக்கிறார், கையை நிறுத்தினால் எது கீழே இருக்கிறதோ அது கருகிவிடும். கடைத்துணி எல்லாம் முடிந்து, திரைச்சீலை, தலையணை உறை, அம்மாவின் கைக்குட்டை வரை ஆகிவிட்டது. அண்ணன் தன் கடையிலிருந்து துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். தீவு இன்னும் கண்ணில் படவில்லை. மாமா, ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம், அண்ணனோடு இன்றே புறப்பட்டு வாருங்கள். டிஸ்க் வேண்டாம். வீட்டில் கசங்கின துணி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் எடுத்து வாருங்கள்.