நிழலில் வைக்க மறுத்த முனீர் அகமது

ஆம்பூர்,
17-4-2009

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் ஆலன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் ஜெயகரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்களும் சுகம், வெயிலும் சுகம்.

இந்த மாதத்துக்குள் கரண்டுக்கு ஒரு வழி செய்யாவிட்டால் காரோடு வந்து ஜெயசீலியைப் பெங்களூருக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்று போனில் கத்தினீர்களே, அதில் நியாயம் இருக்கிறது. ஆஸ்துமா இழுக்கும்போதெல்லாம் மருந்துப்புகை மெஷினை மூக்கில் வைத்துக்கொண்டு உட்காருவாள், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகும், நான் விசிறியோடு ஓடுவேன். ஆனாலும் முப்பத்தாறு வருஷம் கூட இருந்தவளை அனுப்பிவிட்டு இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்? ஆகவே மாடியில் சோலார் பலகை வைக்கத் துணிந்தேன்.

அங்கீகாரம் உள்ள ஆளாகப் பாருங்கள் என்று நீங்கள் சொன்னது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. தோல் கம்பெனி செலக்ஷனில் முப்பத்திரண்டு வருஷம் கட்டைவிரலால் தேய்த்தே தோலைக் கிரேடு பிரித்தவனுக்கு ஆள் பார்க்கத் தெரியாதா? முதலில் வந்தவர் இன்வெர்ட்டர் கடை அருணகிரி. பலகையை மாடியில் மாமரத்து நிழல் விழும் மூலையில் வைக்க வேண்டும் என்றேன். பதப்படுத்திய தோலைக் கொளுத்தும் வெயிலில் போட்டால் விறைத்து வெடித்துவிடும், நல்ல சரக்கை நிழலில்தான் காயவைக்க வேண்டும் என்பது எங்கள் பாடம். "உங்களுக்கு இன்னா தோணுதோ அப்டியே செஞ்சிடலாம் சார்" என்றார். என்ன பணிவு என்று நான் உருகிப்போனேன்.

நீங்கள் சொன்னதற்காகவே முனீர் அகமதுவையும் வரச்சொன்னேன். அரசாங்கப் பட்டியலில் பெயர் உள்ளவர். அவருடைய சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்தும், திருப்பியும், கட்டைவிரலால் தேய்த்தும் பார்த்தேன். மை கரையவில்லை. அவரோ என்னைக் கவனிக்காமல் திசைகாட்டியோடு மாடியில் ஒரு மணி நேரம் நின்று, தண்ணீர்த் தொட்டியின் நிழல் எதுவரை வருகிறது என்று சாக்கட்டியால் கோடு போட்டார். நான் மாமரத்தைக் காட்டினேன். உடனே பையை மூடிவிட்டார். "நெழல்ல வெச்சா அது வெறும் கண்ணாடி சார். கரண்டு வராது. அதுக்கு நான் கையெழுத்து போடமாட்டேன். எனக்கு பேஜாரு வேணாம், வேற ஆளப் பாத்துக்கோங்க."

மச்சான், கம்பெனியில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். வந்த வேலை போனாலும் போகட்டும் என்று கையெழுத்தை மறுத்தவரை அன்றுதான் பார்த்தேன். படியிறங்கியவரைக் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அவர் காட்டிய வெயிலிலேயே பலகை ஏறியது. மறுநாள் பதினோரு மணிக்குத் தெரு முழுவதும் கரண்ட் போனது. ஜெயசீலியின் மெஷின் மட்டும் நிற்கவே இல்லை! அறுபத்துநாலு வருஷமாக நான் திட்டித்தீர்த்த அதே ஆம்பூர் வெயில், என் பெண்டாட்டிக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது. மாடிக்கு ஓடினேன். கிறிஸ்தவன் சூரியனைக் கும்பிடக்கூடாது, அதனால் செருப்பைக் கழற்றிவிட்டுச் சும்மா நின்றேன். இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்துவிட்டன. பரவாயில்லை.

ஆகையால் நீங்கள் காரை எடுக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்காரி தங்கச்சி ஃபீபிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸ்தோத்திரம். ஆண்டவர் உங்கள் வீட்டு மாடிக்கும் குறைவில்லாத வெயிலைக் கட்டளையிடுவாராக.

இப்படிக்கு,
ஜெ. ஜெயகரன்

பி.கு.: அண்ணா, ஜெயசீலி எழுதுகிறேன். இவர் தபாலில் போடச்சொல்லிக் கொடுத்ததைப் படித்தேன். எல்லாம் நிஜம்தான். ஆனால் மூன்று நாளாக இவர் தோல் கம்பெனி தோஸ்துகளைப் பத்துப் பத்துப் பேராக மாடிக்குக் கூட்டிப்போய், பலகையைச் சுற்றி நிற்கவைத்துப் பாடம் நடத்துகிறார். அத்தனை பேர் நிழலும் அதன்மேல்தான். பேட்டரியில் சார்ஜ் ஏறவே இல்லை, நேற்று கரண்ட் போனதும் என் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. காரை உடனே அனுப்புங்கள். நான் வரவில்லை, இவரை ஒரு மாதம் அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.