ராகு காலத்தில் ஒரு கெட்டிமேளம்

வேலப்பன் என்ற தவில்காரரின் பிழைப்பில் நான் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன். பாதி தெரியாமல் செய்தது. மீதி, தெரிந்தே சொன்ன பொய்.

மனிதன் முதன்முதலாக நிலவில் கால் வைத்த காலை நேரம் அது. அந்த நேரத்தில் தாங்கள் எங்கே இருந்தோம் என்று என் வயதுக்காரர்கள் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். நானும் சொல்லலாம். பெருமை மட்டும் வராது.

அன்று வலியசாலையில் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். (ஆடி மாதத்தில் கல்யாணமா என்று கேட்காதீர்கள். அப்பா பிறந்தது ஆடியில், சித்திரை நட்சத்திரத்தில். அறுபது பூர்த்தியாவதை ஆவணிக்குத் தள்ளிப்போட அவருக்கு அதிகாரம் இல்லை.) அப்பாவைவிட அம்மாதான் அந்த நாளுக்காகக் காத்திருந்தாள். முதல் கல்யாணத்தின்போது அவள் சிறுமி. தூக்கக் கலக்கத்தில் தாலி ஏறியதாம். மேளம் அடித்ததே காதில் விழவில்லையாம்.

"இந்தத் தடவை கண்ணையும் காதையும் நன்னா தொறந்து வெச்சுண்டு கட்டிக்கப் போறேன்," என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். சடங்கு உள்ளே கூடத்தில்; மேளக்காரர்கள் வெளியே தெருப்பந்தலில். அங்கிருந்து பார்த்தால் இங்கே நடப்பது தெரியாது. ஆகவே நான் வாசற்படியில் நிற்க வேண்டும். தாலி ஏறும்போது சடங்கு நடத்துகிற சுப்பு வாத்தியார் என்னைப் பார்ப்பார். நான் பந்தலைப் பார்த்துச் சுட்டுவிரலை ஆட்ட வேண்டும். உடனே கெட்டிமேளம். இதற்கு ஒரு விரலும் கொஞ்சம் கவனமும் போதும். விரல் என்னிடம் இருந்தது.

நான் அப்போது எம்.எஸ்.சி. இயற்பியல் மாணவன். தும்பாவில் ராக்கெட் விட ஆரம்பித்திருந்த காலம். அங்கே விடுகிற ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் என் அனுமதி தேவை என்பதுபோல நடந்துகொள்வேன். முதல் நாள் சாயங்காலம் சுப்பு வாத்தியாரிடம் நிலவுப் பயணத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"அதெல்லாம் செரி. கால் அலம்பிண்டு இறங்குவானோ?"

அன்று திங்கட்கிழமை. ஒன்பது மணிவரை ராகு காலம். தாலி கட்டுவது அதற்குப் பிறகுதான். எட்டு மணிக்கே நான் வாசற்படியில் போய் நின்றதைப் பார்த்து, பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா கண் கலங்கினாள். (பாவம். என் இடுப்பு வேஷ்டியில் டிரான்சிஸ்டர் செருகியிருந்தது. அதிலிருந்து மேல்துண்டுக்குள் நுழைந்த ஒயர் என் இடது காதில் முடிந்தது.) சிற்றலையில் ஆங்கில வர்ணனை, மழைச்சத்தத்துக்கு நடுவே யாரோ பேசுவதுபோல வந்துகொண்டிருந்தது.

எட்டரை மணி சுமாருக்கு, விண்வெளி வீரர் ஏணியில் இறங்குகிறார் என்று கேட்டது. ஒரு படி. இன்னொரு படி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "அதோ, அங்கே!" என்று கையை உயர்த்தி, சுட்டுவிரலால் வானத்தைக் குத்திக் குத்திக் காட்டினேன். யாருக்குக் காட்டினேன் என்று இன்றுவரை தெரியாது. காலை எட்டரைக்கு வளர்பிறை நிலா அடிவானத்துக்குக் கீழே இருக்கும் என்பதுகூட இந்த இயற்பியல் மாணவனுக்குத் தோன்றவில்லை. நான் காட்டியது பந்தல் ஓலையை.

வேலப்பன் என் விரலைப் பார்த்தார். அடித்தார். அவருடைய மைத்துனர் நாதசுரத்தில் உச்சத்துக்குப் போனார்.

கெட்டிமேளம் கேட்டால் எங்கள் தெருவில் யாரும் யோசிக்க மாட்டார்கள். பந்தலில் இருந்தவர்கள் எழுந்து உள்ளே பாய்ந்து அட்சதையை வீசினார்கள். அது ஹோமப் புகையில் கண்ணைக் கசக்கியபடி தனியாக உட்கார்ந்திருந்த அப்பாவின் தலையில் விழுந்தது. சமையல்காரர் கொல்லைப்புறத்தில் இலை போட்டுவிட்டார். அறைக்குள் ஒன்பது கஜத்தைப் பாதி சுற்றிக்கொண்டிருந்த அம்மா, தன் தாலி தன்னை விட்டுவிட்டு நடந்துவிட்டதோ என்று பதறி, மீதிப் புடவையை அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். கூடம் நிறைய ஆண்கள். அப்படியே திரும்பி ஓடினாள்.

அந்த அமளியில், நிலவில் கால் வைத்த மனிதர் என்ன சொன்னார் என்பது என் காதில் விழவே இல்லை.

அப்பா எழுந்து வந்தார். தலைமுடியில் மஞ்சள் அரிசி.

"யாருடா சொன்னா அடிக்கச் சொல்லி? ராகு காலத்துல கெட்டிமேளமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒயரைத் துண்டுக்குள் தள்ளிக்கொண்டு சொன்னேன்: "நான் ஒண்ணும் காட்டலையே. அவராவே அடிச்சுட்டார்."

வேலப்பன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் காதைப் பார்த்தார்.

"எழுந்து போங்கோ ரெண்டு பேரும்," என்றார் அப்பா. வேலப்பன் தவிலை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஒன்பதுக்குமேல் அப்பா தாலி கட்டியபோது மேளம் இல்லை. வாத்தியாரின் அவசர யோசனையின்பேரில், சமையல்காரர் கரண்டியால் பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டினார். அம்மா கண்ணையும் காதையும் திறந்துதான் வைத்திருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

ராகு காலத்தில் மேளம் அடித்தவரை அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யார் கூப்பிடுவார்கள்? 'முந்திரிக்கொட்டை வேலப்பன்' என்று பெயர் வேறு வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்த கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். இதை எழுதும்போதுதான் அதிகம் கூசுகிறது.

சில வருஷங்கள் கழித்து என் தங்கை ராஜத்துக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மேளத்துக்கு யாரைச் சொல்லலாம் என்று பேச்சு வந்தபோது நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன். மறுநாள் பஸ் ஏறிப் பாறசாலைக்குப் போய் வேலப்பன் வீட்டைத் தேடிப்பிடித்தேன். அவர் முற்றத்தில் தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சாமி, இன்னைக்கு காதுல ஒயரொண்ணும் காணல்லியே?" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன்.

"செல்லியிருந்தா உங்க அப்பா சபையில வெச்சு உங்களைச் சாத்தியிருப்பாரு. அறுபதாம் கல்யாணத்துல அப்பன் மவனை அடிச்சா அது நல்லாவா இருக்கும்? ஆனா ஒண்ணு, எனக்கு கோவம், தேஷ்யம் இல்லேன்னு நெனைக்காதீங்க. நல்ல தேஷ்யம் உண்டு."

"தங்கை கல்யாணத்துக்கு நீங்கதான் வாசிக்கணும்."

"வாறேன். உங்க அப்பா வந்து விளிக்கட்டும்."

அதாவது, அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். சொன்னேன். அடிப்பார் என்று சுவரோரமாகத்தான் நின்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "பாறசாலைக்கு எப்போ பஸ்?" என்றார். வேலப்பன் வீட்டு முற்றத்தில் அப்பா சொன்னது ஒரே வாக்கியம்: "தப்பு எங்காத்துப் பேர்ல, நீர் வரணும்."

எனக்குத் தண்டனை திரும்பி வந்ததும் கிடைத்தது. தெருவில் வீடுவீடாகக் கல்யாணத்துக்கு அழைக்கப் போகும்போது, ஒவ்வொரு வீட்டிலும் நானே சொல்ல வேண்டும். குங்குமச்சிமிழை நீட்டி, "தங்கை கல்யாணம், குடும்பத்தோட வரணும். அன்னிக்கு விரலை ஆட்டினது நான்தான், வேலப்பன் பேர்ல தப்பில்லை," என்று இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். சிலர் சிரித்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கோடிவீட்டு மாமா மட்டும், "அது கெடக்கட்டும்டா, மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்றார்.

முந்திரிக்கொட்டை என்ற பெயர் அதனால் போய்விடவில்லை. ஆனால் வேலப்பனுக்கு எங்கள் தெருவில் மறுபடி கல்யாணங்கள் வந்தன.

ராஜத்தின் கழுத்தில் தாலி ஏறியதும் கெட்டிமேளம் முழங்கியது. (கை காட்டும் வேலையை என்னிடம் கொடுக்கவில்லை.) சத்தம் அடங்கியபோது அம்மா கூடத்தைவிட்டு வாசலுக்கு வந்து வேலப்பன் முன்னால் நின்றாள்.

"எனக்கும் ஒண்ணு பாக்கி இருக்கே," என்றாள்.

வேலப்பன் அவளைப் பார்த்தார். மைத்துனரைப் பார்த்துத் தலையசைத்தார். யாரும் விரல் ஆட்டவில்லை. அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றார். பந்தல் அதிர அடித்தார்கள். அம்மா தாலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல் கேட்டாள்.

அம்மாவும் அப்பாவும் வேலப்பனும் இப்போது இல்லை. அன்று அந்த மூன்று பேரும் என்னைப் பொறுத்துக்கொண்டார்கள் என்பதைத் தினமும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். அதற்குப் பின் எங்கள் குடும்பக் கல்யாணங்களில் இரண்டு கெட்டிமேளம். ஒன்று மணப்பெண்ணுக்கு. அடுத்தது வீட்டின் மூத்த சுமங்கலிகளுக்கு.

சமீபத்தில் என் பேத்தி கல்யாணத்திலும் அப்படியே அடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் குழம்பிப்போய், இது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று வாத்தியாரைக் கேட்டார்கள். அவர் கொஞ்சமும் அசராமல், வலியசாலையில் இது ரொம்பப் பழைய சம்பிரதாயம் என்றார். என் பக்கத்து நாற்காலியில் இருந்த ராஜம் என்னைக் கைகாட்டினாள்.

"அந்த சாஸ்திரம் இதோ உக்காந்திருக்கு, பாத்துக்கோங்கோ."