பெண் பார்க்கப் போன காரும் பிரேக் எண்ணெயும்

ஒன்றும் தெரியாதவன் காரைக் கராஜுக்குக் கொண்டுபோவான். எல்லாம் தெரிந்தவன் தானே பழுது பார்ப்பான். ஊர் கூடிச் சிரிக்க வேண்டுமென்றால் இந்த இருவருக்கும் நடுவில், புத்தகம் படித்த ஒருவன் தேவை. எழுபதுகளின் நடுப்பகுதியில், இலங்கை மலைநாட்டுப் பதுளையில் அந்தப் பதவியை நான் வகித்து வந்தேன். (சம்பளத்துக்குப் பள்ளிக்கூடத்தில் வரலாறு கற்பித்தேன்.)

கார் என் அக்காவின் கணவருடையது. தவளை முகமும் உருண்ட முதுகுமாக ஒரு பழைய சீமைக் கார். தோட்டத்துத் துரை ஒருவர் இங்கிலாந்துக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. நாய், பூனையைக்கூடக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போன மனிதர் இதை மட்டும் ஏன் விட்டுப்போனார் என்று நாங்கள் யோசித்திருக்கலாம்.

அப்போது எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்து டீமேக்கரின் மகள். டீமேக்கர் என்றால் தேயிலைத் தொழிற்சாலையையே கட்டி ஆள்கிறவர். இவர் இயந்திரங்களோடு அன்பாகவும் மனிதர்களோடு சுருக்கமாகவும் பேசுவார் என்று கேள்வி. தரகரிடம் அவர் கேட்டது ஒன்றுதான்.

"பையனுக்குக் கைவேலை ஏதாச்சும் தெரியுமா?"

"என்னங்க இப்பிடிக் கேட்டுட்டீங்க? காரையே கழட்டி மாட்டுவாருங்க!"

நான் அதுவரை கழற்றி மாட்டியது சட்டை மட்டுமே. ஆனால் பெண்ணின் படத்தைப் பார்த்துவிட்டேன். கொஞ்சம் கேலியாகப் பார்க்கிற கண்கள். இந்தப் பெண் கிடைக்க வேண்டுமானால் தரகரின் பொய்யை நான் உண்மையாக்கியே ஆகவேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் அத்தான் வந்து சொன்னார்: "மச்சான், பிரேக் கீழ கீழ போகுது. ரெண்டு மூணு தடவ மிதிச்சாத்தான் புடிக்குது. கராஜுல காட்டிருவோமா?"

"வேண்டாம் அத்தான். நான் இருக்கேன்ல."

துரை விட்டுப்போன கையேட்டைத் திறந்தேன். முன்னுரையிலிருந்து தொடங்கினேன். (வரலாற்று ஆசிரியன் வேறெப்படித் தொடங்குவான்?) பிரேக் எண்ணெய் இருக்கும் பாத்திரத்தைப் பொனட்டுக்குள் அரை நாள் தேடினேன். அது ஓட்டுகிறவரின் காலடியில், விரிப்புக்கு அடியில் இருப்பதாகக் கையேடு சொல்வது நான் அப்போது எட்டியிராத ஒரு பக்கத்தில். திறந்தால் பாத்திரம் ஏறக்குறையக் காலி. காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். தரையில் ஒரு சொட்டு இல்லை. இடது பின்சக்கரத்தின் உட்பக்கம் மட்டும் ஈரமாக, கறுப்பாக, பிசுபிசுவென்றிருந்தது. நாய் என்று தீர்ப்பெழுதிவிட்டு நகர்ந்தேன். சக்கரத்தின் உட்பக்கத்தை நனைக்க நாய்க்கு என்ன வித்தை தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு நாயைக் கல்லால் அடித்தேன். அது என்னைப் பார்த்த பார்வையில் அறியாமையின் மீதான இரக்கம் இருந்தது.

ஒழுகவில்லை, ஆகவே ஆவியாகிவிட்டது. புதிதாக ஊற்றினால் தீர்ந்தது. இதுவே என் முடிவு. ஆனால் அது அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்த காலம். கடைவீதியில் கார்ப் பாகங்கள் விற்கிற முஸ்லிம் அண்ணன், எங்கள் ஊர் வழக்கில் 'நானா', கையை விரித்தார்.

"பிரேக் ஒயிலா? அதக் கண்ணால கண்டு எத்தன மாசம் தம்பி! விளக்கெண்ணெயில ஸ்பிரிட் கலந்து ஊத்துறாங்க. அதச் செஞ்சு பாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சின்னப் பிள்ளைகளால் எதையும் அடக்கிக்கொள்ள முடியாமல் செய்கிற எண்ணெயை, அடக்குவதற்கென்றே இருக்கிற பிரேக்கில் ஊற்றுவதா? எண்ணெய்தான் வேண்டுமென்றால் வீட்டில் சுத்தமான தேங்காயெண்ணெய் இருந்தது. அத்தானை உள்ளே உட்காரவைத்து, "மிதிங்க, விடுங்க, மிதிங்க" என்று கையேட்டின்படியே பழையதைக் குழாயிலிருந்து முழுக்க வெளியேற்றிப் புதியதை நிரப்பினேன். பதுளை வெயிலில் பிரேக் வெண்ணெய் போலப் பிடித்தது. அத்தான் என் முதுகில் தட்டினார்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில், அக்காவும் அத்தானும் பின்னால் அமர, நான் ஓட்டிக்கொண்டு புறப்பட்டேன். பண்டாரவளை தாண்டியதும் பனி இறங்கியது. காரின் அடியெல்லாம் ஈரக் குளிர்காற்று. பிரேக் மிதி வரவர விறைத்துக்கொண்டே வந்தது. பலம் கூடுகிறது என்று மகிழ்ந்தேன்.

தோட்டத்து ஒற்றைப் பாதையில், எதிரே பனிக்குள்ளிருந்து தேயிலைப் பெட்டிகளோடு ஒரு லொறி வந்தது. இரண்டு காலாலும் ஏறி மிதித்தேன். கார் நின்றது. லொறியும் நின்றது. பின்வாங்கலாம் என்று காலை எடுத்தேன். கார் எடுக்கவில்லை. எஞ்சின் அலறியது, சக்கரம் அசையவில்லை. லொறியின் பின்னாலிருந்து, கம்பளிக் கோட்டும் கழுத்தைச் சுற்றிய மப்ளருமாக ஒருவர் இறங்கி வந்தார்.

"எவன்டா அது, நடு ரோட்டுல? ரயிலுக்குப் போற தேயில இது!"

அக்கா என் முதுகைக் கிள்ளினாள். "டீமேக்கர்டா! தரகர் காட்டுன குடும்பப் படத்துல பாத்தேன்."

நான் இறங்கிக் கும்பிட்டேன். "வணக்கங்க. நாங்க பதுளையில இருந்து... இன்னிக்கு வர்றதாச் சொல்லியிருந்தோம்ல."

அவர் என்னையும் காரையும் மாறிமாறிப் பார்த்தார். "நீங்களா? காரையே கழட்டி மாட்டுற தம்பி? என்ன கோளாறு?"

"கோளாறு இல்லைங்க. பிரேக் ரொம்ப நல்லா வேலை செய்யுது. விட மாட்டேங்குது."

"என்ன ஒயில் ஊத்துனீங்க?"

அத்தான் வானத்தைப் பார்த்தார். நான் சொன்னேன்.

முதலில் கத்தியது அக்காதான். "தேங்காயெண்ணெயா? பாவி! பதுளையிலயே பனிக்காலத்துல போத்தல அடுப்படியில வச்சு உருக்கித்தான தலைக்குத் தேய்க்கிறோம்! அப்புத்தளைப் பனிக்கு அது கல்லாகாம வேற என்னடா ஆகும்?"

லொறியில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் பனியே கொஞ்சம் விலகியது. டீமேக்கர் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இந்தா இருக்கிற நம்ம வீட்டுல போய், தேத்தண்ணிக்கு வச்ச சுடுதண்ணியெல்லாம் கொண்டாரச் சொல்லு" என்று லொறிக்காரரிடம் சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு வைத்த வெந்நீர் முழுவதும் கேத்தல் கேத்தலாக வந்து காரின் குழாய்களைக் குளிப்பாட்டியது. நான் அடியில் படுத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கேத்தலை நீட்டிய கையில் புது வளையல்கள்.

"இதுவும் வேணுமா? இல்ல, சீயக்கா கொண்டாரவா?"

படத்தில் இருந்த கண்கள் குனிந்து என்னைப் பார்த்தன. பட்டுப்புடவையில் தட்டோடு வந்து நிற்க வேண்டியவள், என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த என் கால்களைத்தான் பார்த்தாள். ஒரு செருப்பைக் காணவில்லை என்பதையும்.

எண்ணெய் உருகி, கார் விட்டுக்கொடுத்தது. தேயிலை ரயிலுக்குப் போயிற்று. டீமேக்கர் விடவில்லை. இடது பின்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே சொதசொதவென்று ஊறிக்கிடந்த பிரேக்கைக் காட்டினார்.

"ரப்பர் தேஞ்சு இங்கதான் ஒழுகுது. தரைக்கு வராம டயரோட உள்பக்கமாவே இறங்கும். ஈரம் கண்ணுல படலியா?"

"பட்டுச்சுங்க. நாய்னு நெனச்சேன்."

அவர் மப்ளரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பிறகு அந்தச் சக்கரத்துக்குப் போகும் குழாயை அடைத்தார். மீதியை ஸ்பிரிட்டால் கழுவினார். தொழிற்சாலையில் பத்திரப்படுத்தியிருந்த நிஜமான பிரேக் எண்ணெயை, வீட்டு நெய்யை ஊற்றுவதுபோல் மனமில்லாமல் ஊற்றினார். "மூணு சக்கரத்து பிரேக்குதான். பைய்யப் போங்க. தம்பி ஓட்ட வேணாம்."

திரும்பும் வழியெல்லாம் அத்தான் ஓட்டினார். அக்கா அழுதாள். சம்பந்தம் போயிற்று என்று நானும் முடிவு செய்துவிட்டேன். அடுத்த வாரம் தரகர் பதிலோடு வந்தார். அப்பாவுக்கு இஷ்டமில்லையாம், பெண் சம்மதித்துவிட்டாளாம். ஒரேயொரு நிபந்தனை: வீட்டில் நான் எந்தப் புத்தகத்தையும் படிக்கலாம், படித்ததைச் செய்து பார்க்கக் கூடாது.

இன்றுவரை என் வீட்டில் பல்பு போனால் என்னை முதலில் வேறு அறைக்கு அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகினால், "நாயா இருக்கும், அப்பாவக் கேளுங்க" என்கிறாள் மகள்.

போன மாதம் அந்த மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் சொந்தமாக வேன் வைத்திருக்கிறான். எல்லோரும் படிப்பு, குடும்பம் என்று விசாரித்து முடிந்ததும் என் மனைவி கேட்டாள்:

"தம்பி, வண்டிக்கு என்ன பிரேக் ஒயில் ஊத்துறீங்க?"

பையன் விழித்தான். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க அம்மா. கராஜுல விட்டுருவேன்."

அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நல்ல நாளாப் பாக்கச் சொல்லுங்க."