வசந்தா மேடம் இருக்காங்களா?

ஒரு பெண்மணியை மரியாதையில்லாமல் பேசியதற்காக ஓர் இணையக் குழுவிலிருந்து என்னை விலக்கிவைத்தார்கள். அந்தத் தடை இன்றுவரை நீக்கப்படவில்லை. அந்தப் பெண்மணியும் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மிச்சத்தைச் சொல்வது சுலபம்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். எனக்கு இருபத்து மூன்று வயது. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் அப்பா அம்மாவோடு இருந்தேன். ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை. கம்ப்யூட்டர் உலகமே என் தோள்மேல்தான் நிற்கிறது என்ற நினைப்பு (அங்கே எனக்குக் கொடுத்திருந்த வேலை, மற்றவர்கள் எழுதிய கையேடுகளில் எழுத்துப்பிழை பார்ப்பது).

அப்போது 'பம்பரம்' என்று ஒரு கேம் எஞ்சின் இருந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டு செய்ய நினைப்பவர் படத்தை நகர்த்துவது, சத்தம் எழுப்புவது எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து எழுத வேண்டாம், அந்த அடிப்படை வேலையை பம்பரம் பார்த்துக்கொள்ளும். ஓசூரில் பாலிடெக்னிக் ஆசிரியராக இருந்த கதிரேசன் என்பவர் தனியாளாக எழுதி இலவசமாகக் கொடுத்தது. பயன்படுத்தியவர்கள் நாற்பது பேர்கூட இருக்க மாட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஒரு மடல் குழுவில், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிப் பேசிக்கொள்வோம்.

ஒருநாள் கதிரேசன் எழுதினார். தனக்கு நேரம் போதவில்லை, பம்பரத்தை யாரிடமாவது ஒப்படைக்கப் போகிறேன் என்றார். ஆனால் அதை அடியோடு மாற்றி முப்பரிமாண விளையாட்டுகளுக்குக் கொண்டுபோவதா, இல்லை பழைய கம்ப்யூட்டர்களிலும் ஓடும்படி இப்படியே சின்னதாக வைத்திருப்பதா என்பதைக் குழுவே பேசி முடிவுசெய்யட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

நான் முப்பரிமாணக் கட்சி. கட்சி என்றால் சாதாரணமாக இல்லை. எதிர்த்து யார் ஒரு வரி எழுதினாலும் நான் நாற்பது வரி எழுதுவேன். "மியூசியத்தில் வேலை தேடுங்கள்" என்று ஒருவருக்கு எழுதினேன். இரண்டு வாரத்தில் ரகு என்ற என் பெயரைப் பார்த்தாலே திறக்காமல் அழிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பது புரிந்தது.

அப்போதுதான், புதிய மின்னஞ்சல் முகவரி ஒன்றில், வசந்தா பிறந்தார். வயது நாற்பத்தெட்டு. பள்ளிக்கூட நூலகர். இரண்டு பிள்ளைகள், கல்லூரியில். என் திட்டம் இதுதான்: வசந்தா மேடம் முதலில் எந்தப் பக்கமும் சாராமல் நாலு கேள்வி கேட்பார், பிறகு பதில்களை யோசித்து, மெல்ல முப்பரிமாணத்தின் பக்கம் சாய்வார். வயதில் பெரியவர், பெண், நிதானமானவர். யார் மறுத்துப் பேசுவார்கள்?

"நீங்கள் ஒவ்வொருவரும் பம்பரத்தை வைத்து என்ன செய்கிறீர்கள் என்று சொல்ல முடியுமா?" என்று வசந்தா கேட்டார். இத்தனை நாள் சண்டையில் யாருமே கேட்காத கேள்வி அது. பதில்கள் வந்து குவிந்தன.

தர்மபுரிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் வாய்ப்பாடு விளையாட்டு செய்திருந்தார். அவர் பள்ளியில் இருந்தவை ஏதோ ஆபீஸ் கழித்துவிட்ட கம்ப்யூட்டர்கள். பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலை சூப்பர்வைசர், பெயர் சேகர், புதிதாக வேலைக்கு வருபவர்களுக்காக ஒரு விளையாட்டு செய்திருந்தார். பிரஸ் மெஷினில் எந்தப் பட்டனை எப்போது தொடக் கூடாது என்பதுதான் விளையாட்டு. தப்பாகத் தொட்டால் திரையில் ஒரு விரல் காணாமல் போகும்.

வசந்தாவுக்கு ஆர்வம் தாங்கவில்லை. எந்த வாய்ப்பாட்டில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்? விரல் போனதும் ஆட்கள் சிரிக்கிறார்களா, பயப்படுகிறார்களா? கேட்டுக்கொண்டே போனார். அவரை என் கட்சிக்கு இழுத்துவர நான் எழுத உட்காரும்போதெல்லாம் மடல் வேறு திசையில் போய் முடிந்தது. முப்பரிமாணம் வந்தால் தர்மபுரிப் பள்ளியின் பழைய கம்ப்யூட்டர்களில் ஒன்றுமே ஓடாது. அது வசந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

இதற்குள் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. ரகுவும் வசந்தா மேடமும் ஒரே ஆங்கில வார்த்தையில் ஒரே எழுத்துப்பிழை விடுகிறார்களே என்று எழுதினார் (நான் பிழை பார்க்கும் வேலையில் இருந்தேன் என்பதை மீண்டும் சொல்ல வெட்கமாக இருக்கிறது). இருவரும் வேறு வேறு ஆள் என்று காட்ட ஒரு சண்டை போட்டாக வேண்டும். என் சொந்தப் பெயரில் நுழைந்து, வசந்தாவைப் பார்த்து, "இதெல்லாம் உங்களுக்குப் புரியாது மேடம், போய் சமையலைப் பாருங்கள்" என்று எழுதினேன்.

அரை மணி நேரத்தில் என்னை வெளியேற்றினார்கள். வசந்தாவுக்கு ஆறுதல் மடல்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லி நானே பதில் எழுதினேன். அதே வாரம், பம்பரத்தை இப்படியே வைத்திருப்பது என்றும், பொறுப்பை வசந்தா மேடத்திடம் கொடுப்பது என்றும் குழு முடிவுசெய்தது. மூல நிரலை சி.டி.யில் அனுப்ப முகவரி கேட்டார் கதிரேசன். தபாலில் வரும் என்று நினைத்து எங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்தேன்.

தபாலில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, நான் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் அப்பாவின் குரல் கேட்டது. பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர், யார் வந்தாலும் முதலில் கன்னடத்தில்தான் கேட்பார்.

"யாரு பேக்கு? யார் வேணும்?"

"வசந்தா மேடம் இருக்காங்களா சார்? நான் ஓசூர்லேர்ந்து வரேன், கதிரேசன்."

"வசந்தாவா? அப்படி யாரும் இங்க இல்லையே."

"இந்த அட்ரஸ்தான் சார் குடுத்தாங்க."

அவர் நீட்டிய தாளை அப்பா வாங்கி முழுவதும் படித்தார். "ரகு," என்று கூப்பிட்டார். "வசந்தா யாரு?"

நான் எழுந்து போனேன். வாசலில் நின்றவர் கையில் ஒரு சி.டி.யும், ஓசூர் ரோஜாவில் பெரிய கொத்து ஒன்றும் இருந்தன. அடுப்பை அணைத்துவிட்டு அம்மாவும் வந்துவிட்டார். அவர் ரோஜாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

கதிரேசன் என்னை உற்றுப் பார்த்தார். "ரகுன்னா... நீங்கதானா அந்த ரகு? குரூப்ல அப்படிப் பேசினது?" பிறகு அம்மாவைப் பார்த்தார். முகம் மாறியது. "பெத்த அம்மாவையா அப்படிப் பேசினீங்க?" கொத்தை அம்மாவிடம் நீட்டினார். "மேடம், மனசுல வெச்சுக்காதீங்க."

அம்மா வாங்கிக்கொண்டார். "நான் சரோஜாப்பா. எனக்கும் அந்த வசந்தா யாருன்னு தெரியணும்."

"வயசு என்ன இருக்கும் அவங்களுக்கு?" என்றார் அப்பா.

"நாப்பத்தெட்டு சார். ரெண்டு பசங்க, காலேஜ்ல படிக்கிறாங்க."

அப்பா பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எத்தன நாளா பழக்கம்?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

"ரெண்டு மாசமா," என்றேன். உண்மையைச் சொல்ல நான் தேர்ந்தெடுத்த நேரம் அது. அம்மா ரோஜாக்களை மேஜைமேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பிய பிறகுதான் மிச்சத்தையும் சொன்னேன். "அம்மா, நான்தான் வசந்தா."

"கொஞ்சம் நிதானமா, மொதல்லேர்ந்து சொல்லு," என்றார் அப்பா.

சொன்னேன். கட்சி, கேள்விகள், சண்டை, சமையல் எல்லாம். சொல்லச் சொல்ல நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது எனக்கே புதிய செய்தியாக இருந்தது. கதிரேசன் திரும்பிப் போய்விடுவார், சி.டி.யோடு பம்பரமும் போய்விடும் என்று நினைத்தேன். அவர் என்னவோ கணக்குப் போடுவதுபோல இருந்தார்.

"தர்மபுரி வாத்தியார்கிட்ட எந்த வாய்ப்பாடு கஷ்டம்னு கேட்டது?"

"நான்தான் சார்."

"நடிப்புக்குக் கேட்டீங்களா, தெரிஞ்சுக்கக் கேட்டீங்களா?"

"மொதல்ல நடிப்புதான். அப்புறம் நெஜமாவே தெரிஞ்சுக்கணும் போல இருந்துச்சு."

"எதுன்னு சொன்னாரு?"

"ஏழாம் வாய்ப்பாடு."

அவர் தலையாட்டினார். சி.டி.யை என்னிடம் தரவில்லை, அப்பாவிடம் கொடுத்தார். "இவர் இன்னிக்கே குரூப்ல உண்மைய எழுதணும் சார். எழுதினதும் குடுங்க."

"எழுதினதோட காப்பி ஒண்ணு எனக்கு வேணும்," என்றார் அப்பா. சி.டி. பீரோவுக்குள் போனது. அம்மா கதிரேசனுக்குத் தோசை வார்த்தார். எனக்கு வார்க்கவில்லை.

என் பெயருக்குத் தடை இருந்ததால் மன்னிப்பையும் வசந்தாவின் பெயரிலேயே எழுத வேண்டியிருந்தது. ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் சேகர் எழுதினார்: "என் கேமைப் பத்தி எங்க கம்பெனியிலேயே யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டது யாரா இருந்தா என்ன, கேக்கட்டும்." குழு மறுபடியும் வாக்களித்தது. வசந்தா பொறுப்பில் தொடரலாம், ரகுவின் தடை நீடிக்கும். காப்பியை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, அப்பா பீரோவைத் திறந்தார்.

அந்தப் பழைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் தாமாகச் சாகும்வரை, ஏழு வருடம், பம்பரத்தை நான் பார்த்துக்கொண்டேன். இடையில் கல்யாணம் ஆனது. பெண் பார்க்கப் போன இடத்திலேயே அப்பா இந்தக் கதையைச் சொல்லிவிட்டதால் என் மனைவிக்கு எல்லாம் தெரியும்.

போன மாதம் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். கணக்கு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, டீச்சரிடம் பேச நான் தொண்டையைச் செருமினேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க உக்காருங்க. வசந்தா பேசட்டும்."

உட்கார்ந்தேன். "எந்த இடத்துல தடுமாறுறா மேடம்?" என்று கேட்டேன். டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.