சரிபாதி அக்காவுக்கு அளவு எடுத்த நாள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கினேன். மார்பு என்ற சொல்லைப் பத்திரிகையில் எழுதினால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம்தான். விளக்கேற்றும்போதெல்லாம் அம்மனிடம் கேட்பேன். போன வாரம் ஒரு கல்யாண வீட்டில், ஆபரேஷன் ஆன ஒரு பெண்ணைப் பற்றி நாலு பேர் பேசியதைக் கேட்டேன். கூச்சம் போய்விட்டது. கோபம்தான் மிச்சம்.

மதுரை ஜில்லாவிலேயே எங்கள் திருநகர் சரிபாதி அக்காவைப் போல அளவுக்காகச் சண்டை போட்டவர் யாரும் கிடையாது. கோயில் பொங்கலை இரண்டு தொன்னையில் கொடுத்தால் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை மாலை பெண் மாலையைவிட ஒரு சாண் நீளம் என்று முகூர்த்த நேரத்தில் பூக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அக்காவின் நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த அக்காவுக்குப் புற்றுநோய் வந்து ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். நோய் அடங்கியதும் டாக்டரம்மா, வயிற்றுச் சதையை எடுத்து அந்தப் பக்கத்தை மறுபடியும் உருவாக்கலாம் என்றார். அக்கா யோசிக்கவே இல்லை. "வயித்துல இம்புட்டு சேத்து வச்சது வீண் போகல" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

தெரு சிரிக்கவில்லை. புருஷன் போய்ச் சேர்ந்தாச்சு, பேரனும் எடுத்தாச்சு, இனி யாருக்குக் காட்டப் போகிறாள் என்று பேசியது. பேசியவர்களில் பாதிப் பேர் வாயில் கட்டிய பல், தலையில் சாயம். அதெல்லாம் யாருக்குக் காட்ட? நான் அன்றைக்குக் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்.

அளவெடுக்கும் நாளில் துணைக்கு நான் போனேன். இருக்கிற மார்பு எவ்வளவு என்று அளந்தால்தான் மறுபக்கம் அதே அளவுக்கு வைக்க முடியுமாம். அறை வாசலில் அக்காவின் அண்ணன் ஆனையூரிலிருந்து வந்து நின்றார். நெற்றி நிறைய விபூதி. நாலு பேர் முன்னால் உடம்பைத் திறந்து அளப்பதா, குடும்ப மானம் என்னாவது, கிளம்பு வீட்டுக்கு என்றார். அக்கா அசையவில்லை. உடனே அண்ணன் சாமியைத் துணைக்குக் கூப்பிட்டார். மூன்று மார்போடு பிறந்த மீனாட்சிக்கு, சொக்கரைக் கண்டதும் ஒன்று மறைந்த கதை எங்கள் ஊரில் தெரியாதவர் யார்?

"ஆத்தாளுக்கே ஒண்ணு மறஞ்சு போச்சுல்ல தாயி? அவ திரும்ப வேணும்னு கேட்டாளா?"

"அவளுக்கு மூணுல ஒண்ணு போயி ரெண்டு நின்னுச்சுண்ணே. எனக்கு ரெண்டுல ஒண்ணுல்ல போச்சு. அவளப் பாத்துத்தான் நானும் ரெண்டு கேக்குறேன்."

வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். காபி குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போன அண்ணன் திரும்பி வரவே இல்லை. என் அம்மனை வைத்து ஒரு பெண்ணின் வாயை அடைக்கப் பார்த்தாரே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

உள்ளே டாக்டரம்மா முதலில் டேப் வைத்து அளந்தார். பிறகு விளிம்பு வரை தண்ணீர் நிறைத்த பாத்திரத்தில் மார்பு அமிழும்படி குனியச் சொன்னார். வழிகிற தண்ணீர்தான் கணக்கு. "கீழ சிந்துனத விட்டுட்டீகளே" என்று அக்கா ஆரம்பித்தார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே மறுபடியும் தண்ணீர் நிறைத்தார்.

அந்த இரண்டாவது தடவை அக்கா பேசவில்லை. கண்ணை இறுக்கி மூடியிருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்த கை நடுங்கியது. தெருவையே நடுங்க வைத்தவர்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"ஆபரேஷன் ஆனதுலருந்து எல்லாரும் போனதப் பத்தியே கேட்டாகடி. இருக்குறது எம்புட்டுன்னு இன்னைக்குத்தான் ஒரு ஆளு கேட்டுச்சு."

அம்மன் புண்ணியத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அக்கா சௌக்கியம்.

இந்த வயசில் இது எதுக்கு என்று யாராவது ஒரு பெண்ணை மடக்கினால், அவளிடம் இதைச் சொல்லுங்கள். நான் எழுதியபடியே சொல்லுங்கள். அக்காவைப் பெரிய வீராங்கனையாக்கி அந்த நடுக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தக் கையைப் பிடித்திருந்தவள் நான்.