'அவர்களே' மைக் பிடித்தால்

பசறைப் பக்கம் எந்தத் தேயிலைத் தோட்டத்துக் கூட்டமானாலும் சரி, எங்கள் 'அவர்களே' பேச எழுந்துவிட்டால் டீ ஆறிவிடும், வடை விறைத்துவிடும், குழந்தைகள் ஒரு வயது கூடிவிடும். சபையை விளிப்பதற்கு மட்டுமே இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளும் மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான். சங்கச் செயலாளனாக இருந்த பாவத்துக்கு, அத்தனையையும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான்.

சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவது அவர் வேலை. அந்தப் பழக்கம் மேடையிலும் விடவில்லை. தலைவரில் ஆரம்பித்தால் பூசாரி, மைக் செட்காரர், பந்தலுக்குக் கம்பு கொடுத்தவர், கம்பு நடக் குழி தோண்டியவர் என்று எல்லோருக்கும் ஓர் 'அவர்களே' உண்டு. ஒரு கல்யாணத்தில் அவர் வாழ்த்துரை பாதி போவதற்குள் மாப்பிள்ளை தூங்கிவிட்டார். "மணமகன் அவர்களே, எந்திரிங்க" என்று மைக்கிலேயே எழுப்பினார்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கேட்டேன்.

"அண்ணே, எல்லாருக்கும் வணக்கம்னு ஒரே மூச்சுல முடிச்சா என்ன?"

"கூட்டத்தப் பாத்தா எனக்குக் காலு நடுங்குது தம்பி. ஒவ்வொருத்தரா பேரச் சொல்லிட்டா அது கூட்டமில்ல, நம்ம ஆளுங்க. அப்பத்தான் தைரியம் வருது."

"எப்ப வரும்?"

"கடைசி ஆள் வரைக்கும் போகணும்."

போன மழையில் எங்கள் மேட்டு லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்து, சுவர்களில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. மழை இருட்டினால் போதும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினார்கள். புது வீடு தருவதற்காகப் பதுளையிலிருந்து ஓர் அதிகாரி பட்டியலோடு வந்தார். லயத்தில் பன்னிரண்டு காம்பரா, ஆகவே பன்னிரண்டு வீடாம். அந்தப் பன்னிரண்டு அறைகளில் இருபத்தேழு குடும்பங்கள் நெருக்கியடித்துக் கிடப்பதை மூன்று முறை மனு எழுதியும் யாரும் படிக்கவில்லை. மிச்சப் பதினைந்து குடும்பமும் அந்த வெடித்த சுவருக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

பேசுவதற்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். பேச வேண்டியவன் நான். எனக்கோ அன்று பார்த்துத் தொண்டை கட்டிவிட்டது. வேறு வழியில்லாமல் கடதாசியை அவரிடம் கொடுத்தேன்.

"கும்புட்டுக் கேக்குறேன்ணே. இதுல உள்ளத மட்டும் வாசிங்க."

"சரிங்க தம்பி" என்றவர் கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேடையேறினார். "அதிகாரி அவர்களே" என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டேன். மேடையை முடித்துவிட்டு மேட்டு லயத்து ஆட்களிடம் வந்தார்.

"முதலாம் காம்பரா செல்லையா அவர்களே."

"இருக்கேங்க" என்று செல்லையா எழுந்து நின்றார். தினம் காலையில் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லியே பழகியவர்.

"அதே காம்பரா, நடுவுல சீலை கட்டி மறைச்சுக் குடியிருக்கிற மூத்த மகன் ரவி அவர்களே."

"இருக்கேன்."

"அதே காம்பரா, வெளித் திண்ணை இஸ்தோப்புல கைப்பிள்ளையோட படுக்கிற மகள் கலா அவர்களே, மருமகன் அவர்களே."

மணியைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்தார். "ஒரே காம்பராவில் எத்தனை குடும்பம்?"

"மூணுங்க. கொஞ்சம் இருங்க, ரெண்டாம் காம்பராவுக்கு நான் இன்னும் வரல."

பன்னிரண்டாம் காம்பரா முடிந்தபோது லயம் முழுவதும் எழுந்து நின்றது. அதிகாரி பட்டியலைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் பெயர் பெயராக எழுதிக்கொண்டிருந்தார். நேரம் முடிந்தது என்று தலைவர் கையைக் காட்டினார். 'அவர்களே' முகம் தொங்கிப்போய் இறங்கி வந்தார்.

"விஷயத்துக்கே வரல தம்பி. கெடுத்துப்புட்டேன்."

பின்பக்கமெல்லாம் பெயராக நிறைந்திருந்த அதிகாரியின் பட்டியலை அவருக்குக் கை காட்டினேன்.

இருபத்தேழு வீட்டுக்கும் அடிக்கல் நட்டாயிற்று. அந்த விழாவிலும் அவர்தான் பேசினார். சலிப்பாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். நான் மட்டும் அசையவில்லை. அந்த மனிதர் வாயால் என் பெயரைக் கேட்காமல் எழுந்து போக எனக்கு மனசு வருவதில்லை.